விரலுக்கும் ஒழுங்கு வேண்டும்

2018ஆம் ஆண்டு மே மாதம் 9ந் தேதி பழவேற்காட்டில் ஒரு மனிதரை அடித்துக் கொன்று, பாலத்திலே தொங்கவிட்டார்கள்.

யார் அந்த மனிதர்? நடுத்தர வயதுக்காரர். மனநிலை சரியில்லாமல் ஊர் ஊராகச் சுற்றித் திரிந்தவர். மறுநாள் பத்திரிகைகளிலே செய்தி வந்தது. அவருடைய பெயர் வரவில்லை. எந்த ஊரிலே பிறந்தார், வீட்டிலே யார் காத்திருந்தார்கள் என்பதும் வரவில்லை. அவர் செய்த குற்றம் என்ன? எந்தக் குழந்தையையும் அவர் தொட்டதாக யாரும் நிரூபிக்கவில்லை. அந்நிய முகமாக இருந்தார். அது போதுமானதாக இருந்தது. "பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள், உஷார்!" என்ற சேதி அதற்கு முன்பே செல்போன் செல்போனாகத் தாவி ஏரிக்கரைக்கு வந்து சேர்ந்திருந்தது.

அதே நாளில், திருவண்ணாமலை மாவட்டம் போளூருக்குப் பக்கத்தில் அத்திமூரிலே இன்னொரு கொலை. குலதெய்வக் கோயிலுக்குக் காரில் போன ஒரு குடும்பம் வழி கேட்க நின்றது. அந்தக் குடும்பத்து மூதாட்டி அங்கிருந்த குழந்தைகளுக்கு சாக்லேட் கொடுத்தார். பேரப்பிள்ளை வயசுக் குழந்தைகளைப் பார்த்தால் எந்தக் கிழவிதான் கொடுக்கமாட்டாள்? அந்தக் குடும்பத்தைத் துரத்தித் துரத்தி அடித்தார்கள். மூதாட்டி மாண்டார். மற்றவர்கள் குற்றுயிராக ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். இதற்குச் சில நாட்களுக்கு முன்னே, ஏப்ரல் கடைசியில், குடியாத்தம் பக்கத்தில் ஒரு வடநாட்டு இளைஞரும் இதே விதமாகத்தான் கொல்லப்பட்டார்.

ஆண்டுகள் பல ஓடிவிட்டனவே, இதை இப்போது எதற்காகக் கிளறவேண்டும் என்று சிலர் கேட்கக்கூடும். காரணம் இருக்கிறது. சமூக ஊடகத்தில் நன்னடத்தை, செல்போனிலே மரியாதை என்றெல்லாம் இப்போது பள்ளிக்கூடத்திலும் பெரிய கம்பெனிகளிலும் பாடம் நடத்துகிறார்கள். நம்முடைய தோழர்கள் இதைக் கேட்டால் சிரிக்கிறார்கள். காலையிலே ரோஜாப்பூப் படம் போட்டு "குட்மார்னிங்" சொல்வதுதான் மரியாதை என்றும், அது வேலைவெட்டி இல்லாதவர்களின் விவகாரம் என்றும் நினைக்கிறார்கள். வலை இழுக்கிறவனுக்கும் மூட்டை தூக்குகிறவனுக்கும் இதில் என்ன இருக்கிறது என்று கேட்கிறார்கள். பழவேற்காட்டுப் பிணத்தைப் பார்த்த பிறகும் அப்படிக் கேட்க முடியுமா என்பதுதான் நம்முடைய கேள்வி.

அந்த மனிதரை அடித்த கைகள் சில. போலீசார் வந்தார்கள், பலரைக் கைது செய்தார்கள், வழக்குப் போட்டார்கள். சரி. ஆனால் அந்த நாளுக்கு முன்பு, சேதியைப் படித்துவிட்டு ஒரு விநாடியும் யோசிக்காமல் அடுத்தவருக்குத் தள்ளிவிட்ட விரல்கள் எத்தனை? ஆயிரமா? பத்தாயிரமா? அவர்களில் பெரும்பாலோர் கோர்ட்டுப் படி ஏறவில்லை. அவர்கள் எல்லோரும் நல்லவர்கள். பிள்ளைகளைப் பெற்றவர்கள். "எதற்கும் நாலு பேருக்குத் தெரியட்டும்" என்ற நல்ல எண்ணத்தோடுதான் அனுப்பினார்கள். நம்முடைய கட்சிக்காரர்களும் அதிலே இருந்திருக்கமாட்டார்கள் என்று நெஞ்சிலே கைவைத்துச் சொல்ல நம்மால் முடியவில்லை.

'பார்வர்டு' என்றால் ஒரு காலத்தில் நமக்கு ஒரு கட்சியின் பெயர்தான் நினைவுக்கு வரும். இன்றைக்கு அது ஒரு கெட்ட பழக்கத்தின் பெயராகிவிட்டது.

அந்தக் கோடையில் இந்தியா முழுவதும் சுற்றிய வீடியோ ஒன்றின் கதையைக் கேளுங்கள். மோட்டார் சைக்கிளில் இருவர் வருகிறார்கள். தெருவிலே விளையாடும் பையனைத் தூக்கிக்கொண்டு பறக்கிறார்கள். பார்த்த தாய்மாருக்கெல்லாம் வயிறு பற்றி எரிந்தது. உண்மை என்ன? அது பாகிஸ்தானில் கராச்சி நகரத்திலே, காணாமற்போகும் குழந்தைகளுக்காக உழைக்கும் ரோஷ்னி ஹெல்ப்லைன் என்ற தொண்டு நிறுவனம் எடுத்த பிரசாரப் படம். படத்தின் முடிவில் அதே ஆட்கள் பையனைத் திருப்பிக் கொண்டுவந்து விடுகிறார்கள். குழந்தையைக் கவனமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்ற வாசகத்தைக் காட்டுகிறார்கள். யாரோ ஒரு பாதகன் அந்த முடிவை வெட்டி எறிந்துவிட்டு மீதியை ஊருக்குள் விட்டான். குழந்தைகளைக் காப்பாற்ற எடுத்த படம் மனிதர்களைக் கொல்லப் பயன்பட்டது! ஜூலை 1ந் தேதி மகாராஷ்டிரத்தில் துலே மாவட்டம் ரெயின்பாடா கிராமத்தில் ஐந்து பேரை அடித்தே கொன்றார்கள். ஊர் ஊராகப் போய்ப் பிச்சை எடுத்துப் பிழைக்கும் நாடோடி ஜாதியைச் சேர்ந்த ஏழைகள் அவர்கள். அசாமிலும் கர்நாடகத்திலும் அதே கதை.

மாண்டவர்களை வரிசையாக நிறுத்திப் பாருங்கள். பைத்தியம், கிழவி, நாடோடி, பிறமாநிலத்துக் கூலி. ஒரு முதலாளியாவது உண்டா? ஒரு மிட்டாமிராசாவது உண்டா? கர்நாடகத்து பீதர் பக்கத்தில் படித்த வாலிபர் ஒருவர் மாண்டார், உண்மைதான்; அவரும் அத்திமூர் மூதாட்டியைப் போலவே குழந்தைகளுக்கு சாக்லேட் கொடுத்தார் என்ற காரணத்தால் மாட்டிக்கொண்டவர். மற்றபடி, பெரும்பாலும் கேட்பாரற்றவன் மேலேதான் இந்த இடி விழுகிறது.

அந்தக் கேட்பாரற்றவனின் இடத்தில் நாளைக்கு நாமே நிற்கவேண்டி வரும் என்பதை 2023 மார்ச் மாதம் காட்டியது. தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்களை வெட்டிக் கொல்கிறார்கள் என்று வடக்கே வீடியோக்கள் பறந்தன. 2018ல் வடநாட்டான் பிள்ளை பிடிக்கிறான் என்று நாம் நம்பினோம். 2023ல் தமிழன் வடநாட்டானை வெட்டுகிறான் என்று அவர்கள் நம்பினார்கள். தமிழ்நாட்டுப் போலீஸ் தலைவரே வெளியே வந்து விளக்கம் சொல்லவேண்டியிருந்தது. சுற்றிய வீடியோக்களில் ஒன்று பீகார்த் தொழிலாளர்களுக்குள்ளேயே நடந்த தகராறு. இன்னொன்று கோயம்புத்தூரில் உள்ளூர்க்காரர்களுக்குள் நடந்த தகராறு. பீகார் சர்க்கார் அதிகாரிகள் குழுவை அனுப்பிப் பார்த்தது. பொய்யைப் பரப்பிய யூடியூப்காரர் கைதானார். ஆனால் அதற்குள்ளே பயந்துபோன தொழிலாளிகள் ரயில் நிலையங்களிலே குவிந்துவிட்டார்கள். ஊரிலே இருந்த தாய் போனிலே அழுதாள், "வந்துவிடு மகனே" என்று. பொய்க்கு மொழியில்லை, மாநிலமில்லை. எண்ணூரிலும் காட்டுப்பள்ளியிலும் துறைமுகத்திலும் அனல் மின்நிலையத்திலும் நம்மவனோடு தோளோடு தோள் நின்று உழைக்கிறவன் யார் என்பதைப் பழவேற்காட்டுத் தோழர்கள் நன்றாக அறிவார்கள். இவனை அவனுக்கும் அவனை இவனுக்கும் பயப்படச் செய்துவிட்டால், கூலி கேட்க இருவரும் சேர்ந்து நிற்கமாட்டார்கள். அதிலே யாருக்கு லாபம் என்பதை நாம் விளக்கவேண்டியதில்லை.

படிக்காத ஜனங்கள்தான் வதந்தியை நம்புகிறார்கள் என்று சில மேதாவிகள் எழுதினார்கள். இதை நாம் ஒப்புக்கொள்ள முடியாது. 2004 டிசம்பர் 26ல் சுனாமி வந்தது; நாலாவது நாள், டிசம்பர் 30ந் தேதி, மறுபடியும் வருகிறது என்று எச்சரிக்கை விட்டது யார்? குப்பத்து மீனவரா? டில்லியில் உள்ள மத்திய உள்துறை! ஏதோ ஒரு வெளிநாட்டுத் தனியார் நிறுவனத்தின் ஆரூடத்தை நம்பிச் செய்த காரியம் அது. பிணங்களை எடுத்துப் புதைத்துக்கொண்டிருந்த ஜனங்கள் அதையும் போட்டுவிட்டு ஓடினார்கள். பிறகு மத்திய விஞ்ஞான மந்திரியே அது வெறும் உளறல் என்றார். கேட்காமல் நம்புவதற்குப் படிப்பும் பதவியும் தடையில்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

கேட்பது. விஷயம் இந்த ஒரு சொல்லிலேதான் இருக்கிறது.

எந்தக் குப்பத்துக்கு வேண்டுமானாலும் போங்கள். புது ஆள் ஒருவர் வந்து நின்றால் முதலில் என்ன நடக்கும்? "எந்த ஊருங்க? யாரைப் பார்க்கணும்?" என்று கேட்பார்கள். வெயிலிலே வந்தவர் என்றால் ஒரு சொம்புத் தண்ணீர் வரும். இதை யாரும் நமக்குப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுக்கவில்லை. கரையிலே பிறந்தவன் தாய்ப்பாலோடு குடித்த மரியாதை இது. கடலிலே தத்தளிக்கிறவனைக் கண்டால் எந்த ஜாதி, எந்தக் குப்பம் என்று பார்க்காமல் படகைத் திருப்புகிறவர்கள் அல்லவா நம் ஜனங்கள்? அப்பேர்ப்பட்ட ஊரிலே அந்த மே மாதம் மட்டும் என்ன நேர்ந்தது? மனிதர் வருவதற்கு முன்பே அவரைப்பற்றிய பதில் வந்து சேர்ந்துவிட்டது. கேள்விக்கு இடமில்லாமல் போய்விட்டது. கேட்டிருந்தாலும் மனநிலை சரியில்லாதவர் என்ன பதில் சொல்லியிருப்பார்? தடுமாறியிருப்பார். தடுமாற்றமே குற்றத்துக்குச் சாட்சியாகியிருக்கும்.

அதே 2018ல் இலங்கையிலும் இதைத்தான் பார்த்தோம். பிப்ரவரி மாதம் அம்பாறையில், முஸ்லிம் ஒருவரின் சாப்பாட்டுக் கடையில் உணவிலே கருத்தடை மாத்திரை கலக்கிறார்கள் என்று ஒரு கூட்டம் நுழைந்தது. கல்லாவில் இருந்தவருக்குச் சிங்களம் சரியாகத் தெரியாது. கறியில் கிடந்த மாவு உருண்டையைப்பற்றிக் கேட்கிறார்கள் என்று நினைத்து ஏதோ ஒப்புக்கொண்டார். அது படமாகி பேஸ்புக்கிலே பரவியது. கடை போயிற்று, பள்ளிவாசல் தாக்கப்பட்டது. மார்ச் மாதத்தில் கண்டிப் பக்கம் கலவரமே வெடித்தது. இலங்கை அரசாங்கம் பேஸ்புக்கையும் வாட்ஸ்அப்பையும் சில நாட்களுக்கு அடியோடு மூடியது. தன் மேடை இதற்குப் பயன்பட்டதற்காகப் பேஸ்புக் கம்பெனி 2020 மே மாதத்தில் வருத்தம் தெரிவித்தது. இரண்டு வருஷம் கழித்து!

கம்பெனிகளைப்பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வாட்ஸ்அப்பை 2014ல் பேஸ்புக் வாங்கியது. பேசிய விலை சுமார் 1900 கோடி டாலர். தர்மத்துக்கு யாரும் இவ்வளவு பணம் கொட்டுவதில்லை. ஆனாலும் ஒரு விஷயத்தைக் கவனிக்கவேண்டும். கொலைகள் நடந்து நாடே கொதித்த பிறகு, 2018 ஜூலையில், இந்தியாவில் ஒரு சேதியை ஒரே சமயத்தில் ஐந்து இடங்களுக்குமேல் தள்ள முடியாது என்று கட்டுப்பாடு போட்டார்கள். பலமுறை கைமாறிய சேதியை ஒரே ஒரு இடத்துக்குத்தான் அனுப்பலாம் என்று 2020 ஏப்ரலில் இன்னும் இறுக்கினார்கள். அதன் பிறகு அப்படிப்பட்ட சேதிகளின் ஓட்டம் 70 சதவீதம் குறைந்ததாகக் கம்பெனியே அறிவித்தது. கம்பெனிக் கணக்கு என்பதால் கொஞ்சம் தள்ளுபடி செய்துகொள்ளலாம். என்றாலும் இதிலிருந்து தெரிவது என்ன? விரலுக்கு ஒரு சின்னத் தடை போட்டாலே முக்கால் பங்கு பொய் படுத்துவிடுகிறது. அந்தத் தடையை அமெரிக்கக் கம்பெனிதான் போடவேண்டுமா? நமக்கு நாமே போட்டுக்கொள்ள முடியாதா?

சட்டம் என்ன செய்கிறது என்று கேட்கலாம். 2018 ஜூலை 17ல் சுப்ரீம் கோர்ட், கும்பல் கொலையைத் தடுக்க மாவட்டந்தோறும் பொறுப்பதிகாரி வேண்டும் என்று உத்தரவிட்டது. 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள புதிய தண்டனைச் சட்டத்தில், ஐந்து பேரோ அதற்கு மேலோ கூடி, ஜாதி, மொழி, பிறந்த இடம் போன்ற காரணத்துக்காக ஒருவரைக் கொன்றால் மரண தண்டனை அல்லது ஆயுள் தண்டனை என்று 103ஆவது பிரிவு சொல்கிறது. நல்லதுதான். ஆனால் சட்டம் பிணம் விழுந்த பிறகு வருகிறது. அதுமட்டுமல்ல, இந்த விஷயத்தில் ஆட்சியாளர் கையிலே பிரம்பைக் கொடுத்துவிட்டு நாம் நிம்மதியாகத் தூங்கவும் முடியாது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு நினைவிருக்கிறதா? 2012ல், மத்திய மந்திரி ஒருவரின் மகனைப்பற்றி டுவிட்டரில் எழுதினார் என்று புதுச்சேரிச் சிறுதொழில்காரர் ஒருவரைக் கைது செய்தார்கள். மும்பைப் பக்கத்தில் பேஸ்புக்கில் எழுதிய பதிவு ஒன்றுக்காகப் பெண்பிள்ளைகள் இருவரைப் பிடித்தார்கள். 2015 மார்ச் 24ல் சுப்ரீம் கோர்ட் அந்தப் பிரிவையே ரத்து செய்தது. நாம் ஒழுங்காக இருந்தாலும் ஆட்சியாளர் வாயை அடைக்கப் பார்ப்பார்கள். நாம் ஒழுங்கு தவறினால் கேட்கவே வேண்டாம், காரணத்தை நாமே தட்டிலே வைத்துக் கொடுத்ததாகும்.

இனி நம் வீட்டுக் குப்பையைக் கிளறுவோம். இந்த இடத்தில் தோழர்கள் கோபப்பட்டாலும் சரி.

மாற்றுக் கட்சிக்காரர் ஒருவர் தவறாக ஒரு கருத்துச் சொன்னால் நம்மிலே சிலர் என்ன எழுதுகிறார்கள்? அவர் சொன்னதற்குப் பதிலா? இல்லை. அவருடைய தாயைப்பற்றி, பெண்டாட்டியைப்பற்றி, பிறப்பைப்பற்றி! பெண் ஒருத்தி அரசியல் பேசிவிட்டால் போதும், சந்துமுனையிலே நிற்கும் ரவுடிகூடச் சொல்லக் கூசும் வார்த்தைகள் வருகின்றன. இதை எழுதுகிற தம்பி, அதே பெண்மணி நேரிலே வந்தால் "வாங்கம்மா, உட்காருங்கம்மா" என்று நாற்காலியை நகர்த்திப் போடுவான். நேரில் இருக்கிற மரியாதை விரலிலே மட்டும் ஏன் இல்லை? எதிரே முகம் தெரியவில்லை, அவ்வளவுதான். முகம் தெரியாத இடத்தில் நடந்துகொள்வதைப் பார்த்துத்தான் ஒரு தொண்டனை எடைபோடுவோம் என்று நாம் ஒரு வழக்கம் வைத்தால், நம் வாட்ஸ்அப் வீரர்களில் எத்தனை பேர் தேறுவார்கள் என்பது சந்தேகம்.

மரியாதையாகப் பேசு என்றால் குனிந்து பேசு என்று அர்த்தமல்ல. முதலாளியின் முகத்துக்கு நேரே கணக்குக் கேட்டவர்கள் நம் தொழிற்சங்கத் தலைவர்கள். கடுமையாகப் பேசினார்கள், கணக்கோடு பேசினார்கள். பேசியவர் யார், எந்தத் தெரு என்பது எல்லோருக்கும் தெரியும். கீழே உட்கார்ந்து போலீஸ்காரர் ஒருவர் குறிப்பெடுத்துக்கொண்டிருப்பார். அதனாலே ஒவ்வொரு வார்த்தைக்கும் பொறுப்பு இருந்தது. தேர்தல் நோட்டீஸ் அடித்த தோழர்களுக்குத் தெரியும்: மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 127ஏ பிரிவின்படி, அச்சிட்டவர் பெயரும் வெளியிட்டவர் பெயரும் விலாசமும் இல்லாமல் ஒரு துண்டுக் காகிதம்கூட ஒட்டக்கூடாது. மீறினால் ஆறு மாதம்வரை சிறை. அச்சாபீஸ் பெயர் இல்லாத மொட்டை நோட்டீசைக் கண்டால் நம் பழைய தோழர்கள் கையாலும் தொடமாட்டார்கள். 'எதிரி வேலை' என்று கிழித்துப் போடுவார்கள். இன்றைக்கு மொட்டை நோட்டீஸ் பையிலேயே, செல்போனுக்குள்ளே வந்துவிடுகிறது. அதைக் கிழிக்காமல் நூறு பேருக்கு விநியோகிக்கிறோம்!

பழவேற்காட்டுத் தோழர்களுக்கு இதிலே தனியான ஒரு பொறுப்பு உண்டு. காட்டுப்பள்ளித் துறைமுகத்தை 330 ஏக்கரிலிருந்து 6,110 ஏக்கராக விரிக்கும் திட்டம் வந்தபோது ஏரியும் கடலும் என்ன ஆகும் என்று குப்பங்கள் கொதித்து எழுந்தன. 2021 ஜனவரி 22ல் நடக்கவிருந்த கருத்துக்கேட்புக் கூட்டம் தள்ளிப்போயிற்று. 2023 செப்டம்பர் 5ல் நடக்கவிருந்ததும் தள்ளிப்போயிற்று. அந்த நாட்களில் கடல் அரித்த கரையையும் காலியான வலையையும் செல்போனில் படம் பிடித்து உலகத்துக்குக் காட்டியவர்கள் நம் இளைஞர்கள்தான். பெரிய பத்திரிகைகள் எட்டிப் பார்க்காத இடத்தில் அந்தக் கருவி பத்திரிகையாக இருந்தது. ஆகையால் போனைத் தூக்கிக் கடலில் போடு என்று நாம் சொல்லவில்லை. காற்றின் வேகமும் அலையின் உயரமும் ஹைதராபாத்தில் இருக்கும் கடல் தகவல் மையத்திலிருந்து அதன் வழியாகத்தான் வருகிறது. மார்க்கெட்டில் இறால் விலையும் அதன் வழியாகத்தான் தெரிகிறது. ஆனால் யோசியுங்கள்: நூறு உண்மைப் படங்களுக்கு நடுவே, வேறு எங்கோ எடுத்த பொய்ப் படம் ஒன்றை யாரோ அவசரக்காரன் சேர்த்துவிட்டால் என்ன ஆகும்? எதிராளியின் வக்கீல் அந்த ஒன்றைத்தான் தூக்கிக் காட்டுவான். நூறு மனுவும் அதனோடு அடிபட்டுப் போகும்.

ஒழுங்கு என்பது ஏரிக்கரைக்குப் புதிய சரக்கல்ல. ஏரியில் இறாலுக்கு வலை கட்டும் இடத்துக்குப் பாடு என்று பெயர். எந்தப் பாட்டில் எந்த நாள் எந்தத் தலைக்கட்டு வலை கட்டலாம் என்பதைச் சீட்டுப் போட்டு, முறைவைத்துத் தீர்மானிக்கிறார்கள். கோட்டைக்குப்பத்திலும் ஆண்டிக்குப்பத்திலும் தலைமுறை தலைமுறையாக நடந்துவரும் ஏற்பாடு இது. (அந்த முறையிலே பங்கில்லாத ஜனங்களின் குறை ஒன்றும் உண்டு, கையாலே இறால் தடவிப் பிடிக்கும் இருளர்களின் கதை வேறு. அதைத் தனியாகத்தான் எழுதவேண்டும்.) கண்ணெதிரே இறால் துள்ளினாலும், முறை இல்லாதவன் வலையைப் போடுவதில்லை. வலை அவனுடையது, தோளிலே பலம் இருக்கிறது, பார்க்க யாரும் இல்லாத இருட்டு, ஆனாலும் போடுவதில்லை. போட்டால் ஊர்ப் பஞ்சாயத்திலே நின்று பதில் சொல்லவேண்டும். ஏரியிலே வலையைக் கட்டுப்படுத்தத் தெரிந்த ஜனங்களுக்கு, ஒரு விரலைக் கட்டுப்படுத்துவது முடியாத காரியமா?

முடியும் என்றுதான் நாம் நினைக்கிறோம். அதற்கு வேண்டியவை பெரிய காரியங்களல்ல. குப்பத்துக் குரூப்புக்கு ஒரு பொறுப்பாளர் இருக்கட்டும். பெயருக்கு 'அட்மின்' என்று உட்கார்ந்திருக்காமல், எவர் வேண்டுமானாலும் போன் செய்து கேட்கக்கூடியவராக இருக்கட்டும். சேதி வந்தால் அனுப்பியவரிடம் கேட்பது: யார் சொன்னது, எந்த ஊர், எந்தத் தேதி, நீ பார்த்தாயா? பதில் இல்லையென்றால் அங்கேயே அது சாகட்டும். இதைக் கேட்டால் மாமன் மச்சான் உறவு கெட்டுவிடுமே என்று பயப்படுகிறார்கள். சித்தப்பா அனுப்பிய சேதியைப் பொய் என்று எல்லோர் முன்னாலும் எழுதினால் அவர் முகம் என்னாகும் என்பது உண்மையான சங்கடம்தான். தனியாகப் போன் செய்து, "சித்தப்பா, இது பழைய படமாம், நீங்களே எடுத்துவிட்டுச் சொல்லிவிடுங்களேன்" என்றால் அவர் மரியாதையும் நிற்கும், பொய்யும் நிற்காது. தவறாக அனுப்பிவிட்டவர் அதே குரூப்பிலே "நான் அனுப்பியது தவறு" என்று எழுதவேண்டும். சத்தமில்லாமல் அழித்துவிட்டு நழுவுவது போதாது. படித்தவன் மனதிலிருந்து அது அழிவதில்லை. அப்படி எழுதியவரைக் கேலி செய்யாமல் இருப்பது மற்றவர்கள் கடமை. ஒருவரைக் கேலி செய்துவிட்டால் அடுத்தவர் ஒப்புக்கொள்ளமாட்டார்.

சந்தேகப்படும்படி யாராவது கண்ணில் பட்டால்? படம் எடுத்துப் போடாதீர்கள். குழந்தை சம்பந்தமான விஷயம் என்றால் 1098 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். போலீசுக்கு 100, அல்லது 112. வந்தவர் மனநிலை சரியில்லாதவராக இருந்தால் அதற்கும் சட்டம் இருக்கிறது. 2017ஆம் வருஷத்து மனநலச் சட்டத்தின் 100ஆவது பிரிவின்படி, தன்னைப் பார்த்துக்கொள்ள முடியாமல் தெருவிலே திரியும் மனநோயாளியைப் பாதுகாப்பில் எடுத்து, 24 மணி நேரத்துக்குள் சர்க்கார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது போலீஸ் ஸ்டேஷன் அதிகாரியின் கடமை. செய்யவில்லையென்றால் ஸ்டேஷன் வாசலிலே போய் நின்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு. அந்த இடத்தில் கொஞ்சம் குரலை உயர்த்தினாலும் பாதகமில்லை. பழவேற்காட்டிலிருந்து கீழ்ப்பாக்கம் மனநல ஆஸ்பத்திரி அதிக தூரமில்லை. 1794லிருந்து இருக்கிற ஆஸ்பத்திரி அது. அந்தச் சட்டம் அமலுக்கு வந்தது 2018 மே 29ந் தேதி. பாலத்தில் பிணம் தொங்கி இருபதாவது நாள்.

ஏரிக்கரைக் கிளைகளுக்கு நாம் சொல்வது: வருகிற மே 9ந் தேதிக்கு முன்னால் ஒரு நாள் கூடுங்கள். மாலை ஏலம் முடிந்த பிறகு கூடினால் தொழில் கெடாது. உங்கள் குப்பத்தில் எத்தனை குரூப்புகள் இருக்கின்றன, எதற்கு யார் பொறுப்பு என்ற பட்டியலை எழுதிக்கொண்டு வாருங்கள். பட்டியல் கிளைச் செயலாளரிடம் இருக்கட்டும். பெண்கள் குரூப்புகளை விட்டுவிடாதீர்கள். அதற்குத் தாய்மார்களைத்தான் பொறுப்பாக்க வேண்டும். 1098 என்ற எண்ணைப் பெரிதாக எழுதி டீக்கடைச் சுவரிலே ஒட்டுங்கள். அச்சிட்டவர் பெயரைப் போட மறக்கவேண்டாம்.